மலையாள விளம்பரம் 20 வினாடியில் நிற்கவில்லை, 20:03 காட்டுகிறது. கிளிப் நீளத்தைத் துல்லியமாக வைப்பது எப்படி?

கோட்டைவாசல்_எடிட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்றுதான் பெரும்பாலும் வேலை வரும். இந்த முறை ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஓணத்துக்கு விளம்பரம் கேட்டிருக்கிறார். படம் ஒன்று, குரல் இரண்டு. தென்காசிப் பக்கம் ஓடுகிற உள்ளூர் கேபிளுக்குத் தமிழில் ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரில் ஓடுகிற கேபிளுக்கு மலையாளத்தில் ஒன்று. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தான், இன்றைக்கும் ஆரியங்காவு, கழுதுருட்டிக்காரர்கள் எல்லையில் இருக்கிற கோட்டைவாசலைத் தாண்டி இங்கே வந்து துணி எடுப்பார்கள், அதனால் மலையாள விளம்பரம்தான் கடைக்காரருக்கு முக்கியம்.

சிக்கல் நீளத்தில். கேபிள்காரர்கள் 20 வினாடி என்றால் 20 வினாடிதான் என்கிறார்கள், ஒரு பிரேம் (வீடியோவில் ஓடுகிற ஒரு தனிப் படம்) கூடினாலும் அவர்களுடைய வரிசையில் அடுத்த விளம்பரத்தின் தலை வெட்டுப்படுகிறதாம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் போட்ட கணக்கு இதுதான். ஆறு ஷாட், ஒவ்வொன்றும் இரண்டரை வினாடி, ஆக 15. கடைசியில் கடை பெயர், விலாசம் போட்ட கார்டு 5 வினாடி. மொத்தம் 20. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் செய்கிறேன், புராஜெக்ட் வினாடிக்கு 25 பிரேமில் வைத்திருக்கிறேன். முதலில் நீளத்தில் 2:50 என்று அடித்தேன், கிளிப் 4 வினாடிக்குப் போய்விட்டது. அப்புறம் 25இல் பாதி பன்னிரண்டரை, சரி, 13 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 2:13 கொடுத்தேன். இப்போது கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைன் கடைசியில் 20:03 என்று நிற்கிறது. மவுஸால் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஒரு தடவை 19:24, இன்னொரு தடவை 20:02. ஒன்றைச் சரி செய்தால் பக்கத்துக் கிளிப் கடிபடுகிறது, இல்லையென்றால் நடுவில் கறுப்பு இடைவெளி விழுகிறது.

ஆறாவது ஷாட்டில் ஒரு பாட்டி கசவுப் புடவையை எடுத்து மடி மடியாகப் பிரிக்கிறார், முந்தானை முழுசாக விரிந்து தங்கக் கரை வெளிச்சத்தில் தெரிகிற இடம் கடைசிப் பத்துப் பதினைந்து பிரேமில்தான் இருக்கிறது. அதை மட்டும் வெட்ட எனக்கு மனசு வரவில்லை. மூன்று பிரேம் என்றாலும் அங்கே எடுத்தால் கரை விரியும் முன்பே கார்டு வந்துவிடும்.

எண்ணாக அடித்து நீளம் வைக்க முறையான வழி எது? அந்த மூன்று பிரேம் எங்கிருந்து வந்தது? அப்புறம், தமிழ்க் குரல் 19 வினாடிக்குள் அடங்கிவிட்டது, அதே விஷயம் மலையாளத்தில் 22 வினாடி ஓடுகிறது. வேகத்தைக் கூட்டி அடக்கலாமா? ஓணத்துக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குழித்துறை_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, கணக்கு தப்பவில்லை, அளவுகோல்தான் மாறிப்போச்சு. நேரத்தைக் காட்டுகிற டைம்கோடில் கடைசி இரண்டு எண் தசமம் இல்லை, பிரேம். நம்ம நாட்டு டிவி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒட்டி வந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வளர்ந்தது, அதனால் வினாடிக்கு 25 பிரேம். ஒரு பிரேம் 40 மில்லி வினாடி. கடைசி இரண்டு எண் 00 முதல் 24 வரைதான் போகும், 24க்கு அப்புறம் வினாடி ஒன்று கூடி மறுபடி 00. நீங்கள் 2:50 என்று அடித்ததும் மென்பொருள் அதை இரண்டு வினாடியும் ஐம்பது பிரேமும் என்று படித்தது. ஐம்பது பிரேம் என்றால் இரண்டு வினாடி. ஆகவே 4.

இப்போது அந்த மூன்று பிரேமுக்கு வருகிறேன். இரண்டரை வினாடி என்றால் 62.5 பிரேம். அரை பிரேம் என்று ஒன்று கிடையாது, முட்டையைப் பாதியாக விற்க முடியாத மாதிரி. ஆறு ஷாட்டுக்கும் மேல்பக்கம் தள்ளி 63 கொடுத்தீர்கள், 6 தடவை அரை பிரேம் சேர்ந்து 3 ஆகிவிட்டது. 63ஐ ஆறால் பெருக்கினால் 378, கார்டு 125, மொத்தம் 503. அதுதான் 20:03. எல்லாவற்றுக்கும் 62 கொடுத்திருந்தால் 19:22இல் நின்றிருக்கும். மூன்று ஷாட்டுக்கு 62, மூன்றுக்கு 63 கொடுத்துப் பாருங்கள், சரியாக 375 வரும்.

ஆனால் எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. ஆறும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கடை முகப்பைப் பார்க்க இரண்டு வினாடி போதும், போர்டை வாசித்துவிடலாம். புடவை விரிய மூன்றரை வினாடியாவது வேண்டும். பிரேமிலேயே பங்கு போடுங்கள்: 50, 50, 60, 60, 65, கடைசிப் பாட்டிக்கு 90. கூட்டிப் பாருங்கள், 375. உங்கள் முந்தானை தப்பித்தது. நான் எந்த விளம்பரத்துக்கும் முதலில் ஒரு தாளில் பிரேம் எண்ணிக்கையை எழுதி மொத்தம் 500 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெஷின் முன்னால் உட்காருவேன். டேப்பில் எடிட் செய்த காலத்தில் வந்த பழக்கம், இப்போதும் அதனால்தான் பிழைக்கிறேன்.

அடிக்கிற முறை: ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், அதில் கிளிப் நீளத்தை மாற்றும் கட்டளை இருக்கும், கன்ட்ரோல் டி அடித்தாலும் அதே பெட்டி வரும். நடுவில் புள்ளி, கோலன் எதுவும் வேண்டாம், 315 என்று அடித்தால் 3 வினாடி 15 பிரேம், அதாவது உங்கள் 90. முழு வினாடி வேண்டுமென்றால் 2 அடித்து ஒரு புள்ளி, இரண்டு சைபர் அதுவே போட்டுக்கொள்ளும். இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள்: 125 பிரேம் வேண்டும் என்று 125 அடித்தால் அது 1 வினாடி 25 பிரேம் என்று படித்து 2 வினாடியில் நிறுத்திவிடும். 100க்கு மேல் போனால் வினாடியும் பிரேமுமாகப் பிரித்துத்தான் அடிக்க வேண்டும், 125க்கு 500 அடியுங்கள்.

பக்கத்துக் கிளிப் கடிபடுவதற்குக் காரணம் நீங்கள் சாதாரண அம்புக்குறியில் இருந்து செய்கிறீர்கள். டி என்ற விசையை அடித்து டிரிம் மோடுக்குப் போய்விட்டு நீளத்தை மாற்றுங்கள், பின்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நகரும், கறுப்பு விழாது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: கன்ட்ரோல் ஆர் அடித்தால் வேகமும் நீளமும் ஒரே பெட்டியில் வரும், இரண்டுக்கும் நடுவில் சங்கிலி படம் இருக்கும். அந்தச் சங்கிலியை அவிழ்க்காமல் நீளத்தை மாற்றினால் நீளத்துக்கு ஏற்ப வேகம் மாறிவிடும், பாட்டி ஓடுகிற மாதிரி இருக்கும். அவிழ்த்துவிட்டு, கீழே ரிப்பிள் என்று இருக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மாற்றுங்கள். மேக்கில் பைனல் கட் என்றால் கன்ட்ரோல் டி, எண், என்டர், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று உண்டு. டைம்லைனில் முதலில் இடத்தை அளந்து ஐ (தொடக்கம்), ஓ (முடிவு) இரண்டு விசையாலும் குறித்துவிடுங்கள், உதாரணமாக 65 பிரேம். மூலக் கிளிப்பில் தொடக்கத்தை மட்டும் குறியுங்கள், முடிவைக் குறிக்க வேண்டாம். எஃப்10 அடித்தால் அந்த 65க்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு மட்டும் வந்து உட்காரும். மூன்று புள்ளி எடிட் என்பார்கள். பெட்டி முதலில், பொருள் அப்புறம். ஷிப்ட் எஃப்11 பக்கம் கை போகக் கூடாது, அது இடத்தை நிரப்ப வேகத்தை மாற்றும்.

நீளம் முடிவான பிறகு உள்ளே இருக்கிற காட்சி பிடிக்கவில்லை என்றால் ஓரத்தைத் தொடவே தொடாதீர்கள். டிரிம் மோடிலேயே கிளிப்பின் மேல்பாதியைப் பிடித்து இழுங்கள், நீளம் அப்படியே இருக்கும், உள்ளே ஓடுகிற பகுதி மட்டும் முன்னே பின்னே நகரும். ஸ்லிப் என்று பெயர். பிரீமியரில் ஒய் விசை. முந்தானை விரிகிற பிரேமைக் கடைசியில் கொண்டுவந்து உட்கார வைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.


கம்பம்_எல்இடி எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் எல்லாம் வந்துவிட்டது, இருந்தாலும் ஒரு பிரேம் விஷயத்தில் நான் ஒரு ராத்திரி முழுக்க அல்லாடினேன், அதை எழுதிவிடுகிறேன்.

நான் கம்பத்தில், பாதி வேலை குமுளிக்கு மேலேதான். திருவிழாக்களுக்கு எல்இடி திரை போடுகிறோம். ஒரு தடவை வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு எட்டு விளம்பரம், ஆளுக்கு 10 வினாடி, மொத்தம் 80 வினாடி, அது சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். 2000 பிரேம். ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் திரை ஒரு கணம் கண் சிமிட்டிய மாதிரி கறுத்துப் போகிறது. இருட்டில் அவ்வளவு பெரிய திரையில் அது எப்படித் தெரியும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒயரை மாற்றினேன், கார்டை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் கோப்பில் 2001 பிரேம்.

காரணம் ஓ விசை. அவுட், அதாவது முடிவு, குறிக்கும்போது பிளேஹெட் (டைம்லைனில் நாம் நிற்கிற இடத்தைக் காட்டும் கோடு) எந்தப் பிரேம் மேல் நிற்கிறதோ அந்தப் பிரேமும் கணக்கில் சேரும். கீழ் அம்பு அடித்துக் கடைசி வெட்டுக்குப் போனால் பிளேஹெட் நிற்பது கடைசிப் படத்தில் இல்லை, படம் முடிந்த பிறகு வருகிற முதல் வெறும் பிரேமில். அங்கே ஓ அடித்தால் அந்தக் கறுப்பும் சேர்ந்து வெளியே போகும். முதல் பிரேமின் எண் 0 என்பதை மனதில் வைத்தால் விளங்கிவிடும், 500 பிரேம் என்றால் எண்கள் 0 முதல் 499 வரை. ரிசால்வில் டைம்லைன் 1 மணியில் தொடங்கும், அதனால் 20 வினாடி விளம்பரத்துக்கு அவுட் விழ வேண்டிய இடம் 01:00:19:24, 01:00:20:00 இல்லை. இடது அம்பை ஒரு தடவை தட்டிவிட்டு ஓ அடியுங்கள். உங்களுக்கு வந்த 19:24 கூடச் சரியான ஒன்றாக இருந்திருக்கலாம், பிளேஹெட் கடைசிப் பிரேம் மேல் நின்று 19:24 காட்டினால் நீளம் 20 வினாடிதான். நீளம் காட்டும் எண் வேறு, இடம் காட்டும் எண் வேறு, எதைப் பார்க்கிறோம் என்று கவனிக்க வேண்டும்.

அப்புறம் ஷாட்டுகளைப் போனில் எடுத்தீர்களா? போன்கள் பெரும்பாலும் 30 என்று எழுதிவிட்டு வெளிச்சத்துக்குத் தகுந்தபடி 28, 29 என்று ஏற்றி இறக்கி எடுக்கும். அப்படிப்பட்ட கிளிப் டைம்லைனில் சத்தத்தோடு விலகும், நீளமும் எதிர்பார்த்தபடி வராது. எடிட்டுக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத பிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். புது புராஜெக்டை ரிசால்வ் 24இல்தான் திறக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், நீங்கள் 25க்கு மாற்றிவிட்டீர்கள், நல்லது, பலர் முதல் கிளிப்பைப் போட்ட பிறகு மாற்றப் பார்த்துவிட்டு அது பூட்டிக்கொண்டது என்று அலைவார்கள்.

இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட்டைக் கார்டுக்குப் பயன்படுத்தினால் அதையும் பாருங்கள். அவற்றில் பல வினாடிக்கு 29.97 பிரேமில் இருக்கும். அதில் 150 பிரேம் என்றால் 5 வினாடி இல்லை, 5.005 வினாடி. 25க்குக் கொண்டுவரும்போது 125ஐத் தாண்டி ஒரு துணுக்கு நிற்கும், கடைசியில் ஒரு பிரேம் கூடும் அல்லது குறையும். நீளத்தை 500 என்று கையால் அடித்து முடித்துவிடுங்கள்.


கோட்டைவாசல்_எடிட் எழுதியது:

அண்ணாச்சி, கம்பத்து அண்ணே, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து தாளில் எழுதி 50, 50, 60, 60, 65, 90, 125 என்று அப்படியே வைத்தேன். முதல் தடவையே 20:00. பாட்டி ஷாட்டை ஸ்லிப் செய்து முந்தானை விரிந்து நிற்கிற பிரேம் சரியாக வெட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது ஷாட் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திக் காடு, புனலூரிலிருந்து வந்தவர்கள் நின்று படமெடுக்கிற இடம், அது இரண்டு வினாடியில் போதுமா என்று பயந்தேன், உண்மையில் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, முன்பு இழுவையாக இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று. எம்பி4 ஆக வெளியே எடுத்துப் பார்த்தால் கோப்பின் விவரத்தில் 20.01 வினாடி என்று காட்டுகிறது. அவுட் 19:24இல்தான் குறித்தேன், மூன்று தடவை பார்த்துவிட்டேன். இதை அனுப்பினால் மறுபடி திருப்பி அனுப்புவார்களோ? மலையாளக் குரல் இன்னும் 22 வினாடியிலேயே நிற்கிறது.


வேலந்தாவளம்_ஒலி எழுதியது:

20.01க்குக் காரணம் படம் இல்லை, சத்தம். நான் பாலக்காடு எல்லையில் குரல் பதிவு செய்கிறவள், இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும்.

எம்பி4இல் ஒலி ஏஏசி முறையில் போகிறது. அது ஒலியை 1024 மாதிரிகள் (சாம்பிள்) கொண்ட கட்டுகளாகக் கட்டித்தான் அனுப்பும், பாதிக் கட்டு கிடையாது. வினாடிக்கு 48,000 மாதிரி வீதத்தில் 20 வினாடி என்றால் 9,60,000 மாதிரி. அதை 1024ஆல் வகுத்தால் 937.5 கட்டு. அரைக் கட்டை அனுப்ப முடியாது, 938 ஆக்கிவிடும். 938 கட்டு என்றால் 20.0107 வினாடி. படத்துக்கு அரை பிரேம் இல்லாத மாதிரியே ஒலிக்கு அரைக் கட்டு இல்லை. கோப்பு மொத்தமாகக் காட்டுகிற நீளம் இரண்டில் எது பெரிதோ அது, அதனால் 20.01, சில என்கோடரில் தொடக்கத்துக்கு ஒரு கட்டு கூடிப் போய் 20.03 கூட வரும்.

மீடியாஇன்போ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து படத்துக்குரிய பகுதியில் பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். 500 என்று இருந்தால் உங்கள் வேலை சுத்தம். கேபிள்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மூவ் (MOV) கோப்பாக, ஒலியை அழுத்தாத பிசிஎம் ஆகக் கொடுங்கள், அதில் கட்டு என்ற பேச்சே இல்லை, 9,60,000 மாதிரியில் அப்படியே நிற்கும். எந்த வடிவம் வாங்குவார்கள் என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது குரலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கமான விஷயம். 22ஐ 20க்குள் திணிக்க வேகத்தை 110 சதவீதம் ஆக்க வேண்டும். சுருதியைக் காப்பாற்றுகிற கட்டத்தில் டிக் போட்டாலும் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், மூச்சு எடுக்கிற இடமெல்லாம் நறுக்கென்று போகும், மலையாளத்தில் ழ, ற்ற, ங்ங வருகிற இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓணத்துக்குத் துணி எடுக்கக் கூப்பிடுகிற குரல் அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு மூன்று சதவீதம் என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் நான் போகவே மாட்டேன்.

குறைக்க வேண்டியது வார்த்தையை. தமிழில் எழுதிவிட்டு அதை வரிக்கு வரி மலையாளத்தில் சொல்ல வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நீளம் கூடுவது அங்கேதான். தமிழில் "ஓணத்துக்குப் புத்தாடை வாங்கித் தர" என்று இழுப்பதை அவர்கள் ஓணக்கோடி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறத்தில்" என்பதற்கு பஸ் ஸ்டாண்டினு எதிர்வசம் என்றால் போதும், புனலூரில் யாரும் வேறு மாதிரி கேட்க மாட்டார்கள். விலாசமும் போன் எண்ணும் கார்டில் 5 வினாடி நிற்கிறதே, அதை எதற்குக் குரலிலும் சொல்ல வேண்டும்? போன் எண்ணை மட்டும் எடுத்தாலே மூன்று வினாடிக்கு மேல் மிச்சமாகும், பத்து இலக்கம் வாசிக்க அவ்வளவு ஆகிறது.

மறுபடி பதிவு செய்யும்போது படத்தை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள், பேப்பரைப் பார்த்து அல்ல. குரல் 0:10 பிரேமில் தொடங்கி 19:12க்குள் முடியட்டும். முன்னும் பின்னும் அந்த அரை வினாடி அமைதி இல்லையென்றால், முந்தின விளம்பரத்தின் கடைசிச் சொல்லோடு உங்கள் முதல் சொல் ஒட்டிக்கொள்ளும். முந்தானை விரிகிற அந்த இடத்தில் குரலே வேண்டாம், ஒரு செண்டை அடி மட்டும் விடுங்கள், சொல்லாமலே புரியும்.


புளியரை_தம்பி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கல்லூரியில் படிக்கிறேன், லினக்ஸில் கேடென்லைவ், ஷாட்கட் என்ற இரண்டு இலவச எடிட்டர்கள் வைத்திருக்கிறேன். கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் ரயில் பாலத்தின் 10 புகைப்படத்தை ஆளுக்கு 5 வினாடி வைத்து 50 வினாடி வீடியோ செய்தேன், ஷாட்கட்டில் 41 வினாடிதான் வருகிறது. இதுவும் பிரேம் பிரச்சினையா? இன்னொன்று, முடிந்த வீடியோவில் நடுவில் இருந்து ஒரு துண்டை வெட்டும் ஆப்பில் எடுத்தால் நான் குறித்த இடத்துக்கு ஏழெட்டு வினாடி முன்னாலிருந்தே தொடங்குகிறது.


குழித்துறை_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, இது பிரேம் இல்லை, மேல்மடிப்பு. ஷாட்கட்டில் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குக் கரைந்து போக வேண்டும் என்றால் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வைக்கிறீர்கள். பத்துப் படத்துக்கு நடுவில் ஒன்பது மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு வினாடி, 50இல் 9 போனால் 41. ஓலைப்பாய் இரண்டை விளிம்பில் மடித்துத் தைத்தால் அகலம் குறைகிற மாதிரிதான். முதல் ஒன்பது படத்துக்கும் 6 வினாடி கொடுத்துக் கடைசிப் படத்துக்கு மட்டும் 5 கொடுங்கள், 59இல் 9 போக 50 வரும். ரிசால்விலும் பிரீமியரிலும் கரைசல் போட்டால் மொத்த நீளம் குறையாது, ஆனால் வெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிளிப்பில் உபரி இருக்க வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கை வரும். கேடென்லைவில் டைம்லைனில் கிளிப் மேல் ரைட் கிளிக் செய்தால் நீளத்தைத் திருத்தும் பெட்டி வரும், இழுக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: அந்த ஆப் மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டுகிறது. அப்படி வெட்டினால் தொடக்கம் கீபிரேமில், அதாவது தனியாக நிற்கிற முழுப் படத்தில்தான் விழும், நடுவில் இருக்கிற பிரேமெல்லாம் முன்னால் இருப்பதை நம்பி நிற்பவை, தனியாக நிற்காது. படத்தைச் சுருக்கி எழுதுகிற எக்ஸ்264 என்கோடர் இயல்பாக 250 பிரேம் வரைக்கும் ஒரே கீபிரேமை வைத்துக்கொண்டு போகலாம், 25 பிரேமில் அது 10 வினாடி. உங்களுக்குத் தள்ளிப் போனது ஏழெட்டு, இதற்குள் அடங்குகிறது. துல்லியம் வேண்டும் என்றால் எடிட்டரில் கொண்டுவந்து வெட்டி மறுபடி என்கோட் செய்ய வேண்டும்.


கோட்டைவாசல்_எடிட் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். மீடியாஇன்போவில் 500 என்று பார்த்ததும்தான் மூச்சு வந்தது. கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன், மூவ், பிசிஎம் இரண்டும் வாங்குவார்களாம், இதுவரை யாரும் கேட்காததால் சொன்னதில்லையாம்.

குரல் கொடுத்தவர் ஆரியங்காவு பக்கத்து டீச்சர். படத்தை ஓடவிட்டுப் பேசச் சொன்னதும் அவரே இரண்டு வரியை எடுத்துவிட்டார், "இது எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்" என்று. போன் எண்ணையும் எடுத்தோம். மூன்றாவது பதிவில் 18:20இல் முடிந்தது, வேகத்தைத் தொடவே இல்லை. செண்டை அடியை முந்தானை முழுசாக விரிகிற பிரேமில் வைத்தேன், ஒரு பிரேம் முன்னால் ஒரு தடவை, ஒரு பிரேம் பின்னால் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், ஒரு பிரேம் பின்னால்தான் கைக்கும் காதுக்கும் ஒத்து வந்தது.

இரண்டு கோப்பும் இன்று காலை போய்விட்டன. மதியம் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது, "சரியாக இருக்கிறது, சனிக்கிழமையிலிருந்து போடுகிறோம்" என்று. கடைக்காரர் பாட்டியை அன்றைக்குக் கடைக்கே வரச் சொல்லியிருக்கிறார், அங்கே உள்ள டிவியில் பார்க்க.